எஸ்தர் பூட்டாத சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சைக்கிள் வாங்கக் குன்றத்தூரில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். மகள் ரோஸ் நிற வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். கடைக்காரர் என் கையில் ஒரு பூட்டைக் கொடுத்து, இதற்குச் சாவியே வேண்டாம் மேடம், நாலு நம்பர் போட்டால் திறந்துகொள்ளும் என்றார். நான் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். என் கணவர் மெல்ல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இது பழகிவிட்டது. பூட்டைக் கண்டால் மோந்து பார்க்கும் மனைவியை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்.

அந்தப் பூட்டில் கடையின் வாசனைதான் இருந்தது. எனக்குத் தெரிந்த வாடை வேறு. பழைய டியூப் ரப்பரும் துருவும் வியர்வையும் கலந்த வாடை. ஒன்றரை வருடம் அது என் இடது தோளிலேயே இருந்தது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, வல்லத்தில் இன்னும் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுக்கும் கம்பெனி. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி பஸ் உண்டு. நாங்கள் இருந்ததோ நாலு கிலோமீட்டரில். அவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்கு பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த என் சைக்கிளை ஆம்னி பஸ்ஸின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தேன். வண்டியில் ஏறிய நேரத்திலிருந்து விடியும்வரை, கூரையில் கயிறு அவிழ்கிற மாதிரியே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

வந்த மூன்றாம் வாரமே அதன் சீட் போய்விட்டது. கம்பெனி போகும் வழியில் ஒரு சின்னக் கடைவரிசை இருந்தது. தார்ப்பாய் போட்ட தனம் அக்கா இட்லிக்கடை, முனுசாமி அண்ணனின் பஞ்சர் கடை, ஒரு ரீசார்ஜ் கடை, ஒரு மாவுக்கடை. அவ்வளவுதான். ரீசார்ஜ் கடையில் நின்று பத்து எண்ணைச் சொல்லி முடித்துத் திரும்பினால், சைக்கிள் இருக்கிறது, சீட் இல்லை. அறைவரைக்கும் நின்றுகொண்டே மிதித்தேன். வழியில் பார்த்தவர்கள் பந்தயத்துக்குப் பழகுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நிமிடம் இறங்கி நிற்பதும் பெரிய வேலையாகிவிட்டது. புது சீட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறேன். பின் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு மாவு வாங்கப் போயிருக்கிறேன். திரும்பி வந்து காற்றடிக்க முனுசாமி அண்ணனிடம் நின்றபோது அவர் என்னையும் டயரையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் சுங்குவார்சத்திரம் இரும்புக்கடையில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு சங்கிலியும் பித்தளைப் பூட்டும் வாங்கினேன். பெயின்ட் உரியாமல் இருக்க, சங்கிலிக்குமேல் பழைய சைக்கிள் டியூபை உறையாக மாட்டினேன். ஓட்டும்போது அதைப் பூணூல் மாதிரி தோளில் குறுக்கே போட்டுக்கொள்வேன். இறங்கும் இடத்திலெல்லாம் கம்பத்தைத் தேடிச் சேர்த்துக் கட்டுவேன். கம்பெனியில் நாங்கள் வரிசையாக நின்று வேலை செய்யும் லைனில் எனக்கு அம்மா அப்பா வைத்த பெயர் மறைந்துபோய், சங்கிலி என்ற பெயர் வந்தது. சூப்பர்வைசரே, சங்கிலி வந்தாச்சா என்றுதான் கேட்பார்.

லைனில் எனக்கு அடுத்த இடத்தில் நின்று டேப் சுற்றியவள் எஸ்தர். என் வயதுதான். அந்த ஊர்க்காரியே, வீடு கம்பெனிக்குப் பின்னால் இருந்த சின்னக் குடியிருப்பில். அவளுடையதும் அரசாங்கம் கொடுத்த சைக்கிள், என்னுடையதைப் போலவே. அதே நிறம், அதே கூடை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் எனக்கே சந்தேகம் வரும். ஒரே வித்தியாசம், அவள் அதைப் பூட்டியதே இல்லை.

சைக்கிள் நிற்பதற்கு முன்னாலேயே எஸ்தர் இறங்கிவிடுவாள். கம்பத்தில் சாத்துவாள். சாப்பாட்டுப் பை ஹாண்டில்பாரில் தொங்கும், குடை கூடையில் கிடக்கும், சில நாள் போன்கூட அங்கேயே இருக்கும். அவள் பாட்டுக்குப் போய்த் தனம் அக்காவோடு உட்கார்ந்து கதை பேசுவாள். நான் பக்கத்தில் குனிந்து சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

"இன்னாடி இது, மாடு கட்டற சங்கிலியாட்டம் கீது?" என்று முதல் நாள் கேட்டாள்.

"களவு போயிரும்லா" என்றேன். களவு என்ற எங்கள் ஊர்ச் சொல்லைக் கேட்டுச் சிரித்தாள். அன்று முழுக்க லைனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று பிடிக்காமல் இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் இட்லிக்கடையில் இருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நின்றதும் வெளியே வந்தோம். இரண்டு சைக்கிளும் ஒட்டி நின்றன. எஸ்தரின் சீட்டில் யாரோ ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டியிருந்தார்கள். என் சீட்டில் தண்ணீர் நின்றது. மாட்டியது முனுசாமி அண்ணன். எஸ்தர் கவரை உருவிக் கையை ஆட்டினாள், அவர் தலையை ஆட்டினார். நன்றி என்றெல்லாம் பேச்சே இல்லை. நான் ஈரச் சீட்டில் உட்கார்ந்து கம்பெனிக்குப் போனேன். நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்கிற வேலை, உடை மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. உள்ளே காயவில்லை.

சைக்கிளுக்காகவா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் என்னைவிட அழகு, என்னைவிட வேகமாக டேப் சுற்றுவாள், வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவாள். அதற்கெல்லாம் நான் பொறாமைப்படவில்லை. ஊரே அவள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதிலும் கேவலம் ஒன்று உண்டு. ஒரு மாலை ரீசார்ஜ் கடையிலிருந்து இருவரும் வெளியே வந்தபோது அவள் சைக்கிளைக் காணோம். என்னுடையது கம்பத்தோடு சங்கிலியில் பத்திரமாக நின்றது. என் முகம் மலர்ந்துவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐயோ, போலீஸில் சொல்லலாமா என்று கேட்டேன். குரலில் நல்ல கவலை. எஸ்தர் அசையாமல் நின்று, வந்துடும் என்றாள். வந்தது. தனம் அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் கேன் எடுத்துவர ஓட்டிப்போயிருக்கிறார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இறங்கும்போது, பிரேக்கு லூஸா கீது, முனுசாமியாண்ட காட்டு என்று அவளைத் திட்டிவிட்டு வேறு போனார். அன்று அறைக்குப் போய் என் சைக்கிளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரும் ஒருநாளும் கேட்காமல் எடுத்துப்போக மாட்டார்கள், திருடனைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஒரு பேச்சு வந்தது. எங்கள் லைனிலிருந்து ஒருவரைச் செக்கராக எடுக்கப்போகிறார்கள். முடிந்த வயர்க்கட்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. காண்ட்ராக்டிலிருந்து எடுத்துக் கம்பெனி ஆளாகவே சேர்த்துவிடுவார்கள். எங்கள் இருவரைத்தான் பார்த்துவைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்குப் பரீட்சை. எஸ்தருக்குத்தான் கிடைக்கும் என்று லைனே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் விரல் பட்டாலே தப்பான வயர் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை ஏழு மணி சுமாருக்கு நான் கடைவரிசைக்கு வந்தபோது எஸ்தரின் சைக்கிள் கம்பத்தில் சாய்ந்து நின்றது. வழக்கம்போலப் பூட்டில்லை. பையும் தொங்கியது. அவள் தார்ப்பாய்க்குள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முனுசாமி அண்ணன் இன்னும் கடை திறக்கவில்லை. நான் இறங்கி, தோளிலிருந்து சங்கிலியை எடுத்தேன். என் வண்டியைக் கட்டத்தான் எடுத்தேன். இதை நான் சத்தியம் செய்துகூடச் சொல்வேன். கை அவள் சக்கரத்துக்குப் போனது. சங்கிலியைக் கோத்து, கம்பத்தைச் சுற்றி, பூட்டை அமுக்கினேன். ஒரு நிமிடம் அவள் தவிக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வெளியே வந்து திகைத்து நிற்பாள், நான் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டுவேன்.

உள்ளே தனம் அக்கா அவளிடம், சூடாக ரெண்டு வைக்கிறேன், பரீட்சைக்கு வெறும் வயிற்றோடு போகாதே என்று சொல்வது கேட்டது. எனக்கும் அன்று அதே பரீட்சைதான். தனம் அக்காவுக்கு அது தெரியும். நான் கடைக்கு வெளியே நிற்பது தெரியாது, அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்துவிட்டேன். தோளில் கனம் இல்லாமல் வண்டி பறந்தது. இவளுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே, யாராவது கொண்டுவந்து விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கேட்டில் போனை வாங்கி லாக்கரில் போட்டுவிடுவார்கள். எட்டு மணிக்குப் பரீட்சை அறையின் கதவைச் சாத்தினார்கள். எட்டேமுக்காலுக்குக் கண்ணாடிக்கு அப்பால் எஸ்தர் வந்து நிற்பதைப் பார்த்தேன். சூப்பர்வைசர் கையை விரித்தார். நேரத்துக்கு வராதவளை எப்படிச் செக்கராக எடுப்பது என்று பிறகு மற்றவர்களிடம் சொன்னாராம். நான் எழுந்து போய் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையில் இருந்த வயர்க்கட்டில் குறை தேடிக்கொண்டிருந்தேன்.

மாலை போனை எடுத்தபோது எஸ்தரிடமிருந்து மூன்று அழைப்புகள். மூன்றும் எட்டு மணிக்குப் பிறகு வந்தவை.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் அவள் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் முன்னால் வைத்தாள். என் சங்கிலி. ஒரு கண்ணி அறுபட்டிருந்தது.

"முனுசாமி அண்ணன் வூட்டாண்ட போய் பிளேடு எடுத்தாந்து அறுத்துச்சி" என்றாள். "நீ இங்க தான் எங்கியோ கீறன்னு நெனச்சி ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தேன்."

நான் பொட்டலத்தை மறுபடி மடித்தேன். "ஒன் சைக்கிள் களவு போயிரும்னு பயந்துதான் பூட்டுனேன் எஸ்தர். டைமாயிருச்சு, சாவியக் குடுக்க மறந்துட்டேன்."

இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு அவள் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. நீல மேல்சட்டை கொடுத்தார்கள். செக்கருக்கு எப்போதும் காலை ஷிப்ட்தான். எஸ்தருக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம் என்று மாறி வரும். காலை வரும் வாரங்களில் பழையபடி இட்லிக்கடையில் சந்தித்துக்கொள்வோம். முதல் வாரமே பார்த்தேன், எஸ்தர் பூட்டு வாங்கியிருந்தாள். மெல்லிய, மலிவான பூட்டு. இறங்கியதும் சக்கரத்தில் மாட்டித் திருகி, சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் என்றே சொல்லிவிடலாம். இவளும் நம்மைப் போல ஆகிவிட்டாள் என்று இருந்தது. நான் சொன்ன பொய்யை அவள் நம்பிவிட்டாள் என்றும் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம் இருந்தது. ஒருநாள் எஸ்தர் மத்தியான ஷிப்டில் இருந்த வாரம். நான் மட்டும் கடையில் இருந்தேன். பேச்சுவாக்கில், ஊரில் திருட்டு அதிகமாகிவிட்டதா அக்கா, எஸ்தரே பூட்ட ஆரம்பித்துவிட்டாளே என்று கேட்டேன்.

தனம் அக்கா சட்னிக் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "அது எங்க பூட்டுது? இந்த வாரம் ஃபுல்லா சும்மா தான் சாத்திட்டுப் போவுது. உன் கூட வர்ற வாரம் தான் பூட்டுது. நீ தான் பூட்டச் சொல்லிகினு கீறியோன்னு நெனச்சேன்."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. எஸ்தர் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாதி இட்லியை இலையிலேயே விட்டு எழுந்தேன். அந்தச் சாலையில் லாரி போகிறது, பஸ் போகிறது, ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேர் போகிறார்கள். அவளுக்குப் பூட்டிவைக்க வேண்டியிருந்தது என் ஒருத்தியிடமிருந்துதான்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வா என்றாள், ஆனால் கையை நிறுத்தவில்லை. நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். "பொறாமைல பூட்டுனேன் எஸ்தர். களவுக்குப் பயந்து இல்ல."

"தெரியும்" என்றாள்.

துணியைப் பிழிந்துகொண்டே அவளே கேட்டாள். "என்னாண்ட இன்னா கீதுன்னு பொறாமப்பட்ட?"

"நீ எங்க நிப்பாட்டுனாலும் ஒன் சைக்கிள் அங்கனயே நிக்கி" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பட்டது.

அவள் ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள். "நம்ம கம்பெனில சைக்கிள் ஷெட்டு கீதில்ல, அது எங்க நெலம். எங்கப்பா அங்க தான் நாத்து வுட்டுகினு இருந்தாரு. அதயே வச்சிக்க முடியல எங்களால. நீ சைக்கிளப் பாத்து பொறாமப்பட்டியா?"

அவள் குரல் உயரவில்லை. உள்ளே அவள் அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் காலையில் என் வண்டியை நிறுத்துகிற இடம் அவர் நாற்று விட்ட இடம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

"அந்த வேல எனக்கு வந்திருக்கும்" என்றாள் எஸ்தர்.

"ஆமா. ஒனக்குத்தான் வந்திருக்கும்."

"ம். தெரிஞ்சா சரி."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் என்னோடு வரும் நாட்களில் பூட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் என் முகத்துக்கு நேரே, மறைக்காமல் பூட்டினாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஒரு வருடத்துக்குள் அவள் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்குப் போனாள். பிறகு வாலாஜாபாத் பக்கம் கல்யாணம் ஆகிப் போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை.

நான் அந்தச் செக்கர் வேலையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, கம்பெனி மாறி, இப்போது தர ஆய்வுக்காகப் பல கம்பெனிகளுக்குக் காரில் போய் வருகிறேன். எங்கள் அடுக்குமாடியில் வாசலில் காவலாள், படிக்குப் படி கேமரா. மூன்றாம் மாடியில் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. மழை வந்தால் அவரவர் வண்டி நனையும். அப்படி மழை பெய்கிற நாட்களில் எஸ்தரை நினைத்து எனக்கு இன்னமும் பொறாமை வருகிறது. குற்ற உணர்ச்சி வரவேண்டிய இடத்தில் பொறாமை வருகிறதே என்று வெட்கமாக இருக்கிறது. இரண்டும்தான் வருகின்றன, பொறாமை கொஞ்சம் முந்திக்கொள்கிறது.

சென்ற வருடம் ஓர் ஆய்வுக்காக அந்த வழியாகப் போனேன். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாலையை அகலப்படுத்தியதில் கடைவரிசை முழுவதும் போய்விட்டது. தனம் அக்காவின் தார்ப்பாய் இருந்த இடத்தில் நடுவே சுவர் வைத்து இருபக்கமும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. முனுசாமி அண்ணன் எங்கே போனார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எஸ்தரின் குடியிருப்பில் பாதி வீடுகள் இல்லை, மீதி வீடுகளில் மாடி எழுப்பி வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஷிப்ட் விடும் நேரம். பெண்கள் கூட்டமாக வந்து கேட்டுக்குள்ளேயே வேனில் ஏறினார்கள், இனி ஹாஸ்டல் வாசலில்தான் இறங்குவார்கள். சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. இருந்தாலும் ஒரு நிமிடம் சாய்த்து வைக்க அங்கே ஒரு கம்பம் இல்லை. அப்படியே ஒன்று நின்றாலும், அதைப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்ல யாரும் இல்லை.